ரப்பர் வேண்டாம்

ரப்பர் கொண்டுவரக் கூடாது. என் ட்யூஷனில் சட்டம் என்று இருப்பது இது ஒன்றுதான்.

தப்பு என்றால் மேலே ஒரு கோடு. ஒரே கோடு. கிறுக்கி மறைக்கக் கூடாது. அடியில் இருப்பதைப் படிக்க முடிய வேண்டும்.

புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் வாரம் விரலால் தேய்ப்பார்கள். எச்சில் தொட்டு. தாள் ஓட்டையாகும்.

எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது அந்த ஓட்டை விழுந்த இடத்தைத்தான்.

*

கும்பகோணம். மாடி. தகரக் கூரை. காலை 6 முதல் 7.30. மாலை 6 முதல் 8.30. ஆறாவது முதல் பத்தாவது வரை. கணக்கு, அறிவியல்.

பதினேழு பேர். அதற்கு மேல் எடுப்பதில்லை. பதினெட்டாவது ஆள் உட்கார்ந்தால் தூணுக்குப் பின்னால் போய்விடுகிறான். முகம் தெரியாது.

முகம் தெரியாமல் கணக்கு சொல்லித்தர எனக்கு வராது.

*

8 + 4 = □ + 5.

ஆறாவது வகுப்பு நான்கு பேர். மூன்று பேர் கட்டத்தில் 12 எழுதினார்கள். ஒருத்தி 17.

சமன் குறி என்றால் என்ன என்று கேட்டேன். "ஆன்சர் வருதுன்னு அர்த்தம் மிஸ்."

ஐந்து வருஷமாக அந்தக் குறியைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பரணிலிருந்து தராசை இறக்கினேன். பழைய இரும்புத் தராசு, மாமனார் கடையில் இருந்தது. ஒரு ரூபாய்க் காசுகள். இடது தட்டில் 8, அதோடு 4. வலது தட்டில் 5. இன்னும் எத்தனை போட்டால் நேராக நிற்கும்?

7 போட்டார்கள். நிற்கவில்லை. வலப்பக்கம் மேலே.

"தராசு பொய் சொல்லுது மிஸ்."

"கணக்குதான் தப்பு" என்றாள் 17 எழுதினவள்.

காசை எல்லாம் கொட்டிக் கவிழ்த்துப் பார்த்தார்கள். வலப்பக்கம் முழுக்கப் புதுக் காசு. 2011-க்குப் பிறகு வந்த ஒரு ரூபாய் 3.79 கிராம். அதற்கு முந்தைய பெரிய எஃகுக் காசு 4.85 கிராம்.

ஒரு ரூபாயும் ஒரு ரூபாயும் சமம். ஒரு ரூபாயும் ஒரு ரூபாயும் சமம் இல்லை.

அன்று முழுக்க அதுதான் ஓடியது. கட்டத்தில் 7 என்பதை மறுநாள்தான் எழுதினார்கள்.

*

"போர்ஷன் எங்க போயிட்டிருக்கு மிஸ்?"

வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று கேட்கிற அம்மா. தினமும் வேலைக்குப் போகிற வழி. நிற்க நேரம் கிடையாது.

சமன் குறியில் இருக்கிறோம் என்று சொன்னேன்.

அவர் முகம் போன விதம்.

மாசம் 800 ரூபாய் கொடுக்கிறார். பாத்திரக்கடையில் நின்றுகொண்டே பார்க்கிற வேலை. கால் வீங்கியிருக்கும் அவருக்கு. அவர் கேட்பதில் தப்பே இல்லை.

*

ஒன்பதாவது பையன் போனை நீட்டினான். அவன் அப்பாவுக்கு வந்த வாட்ஸ்அப். செங்கோண முக்கோணத்துக்கு வர்க்கமூலமே வேண்டாம் என்று ஒரு தமிழ்ப் பாட்டு.

நீளத்தை எட்டுக் கூறாக்கு. ஒரு கூறைத் தள்ளு. உயரத்தில் பாதியைச் சேர். அதுதான் கர்ணம்.

நீளம் 4, உயரம் 3. மூன்றரை, ஒன்றரை. 5.

நீளம் 12, உயரம் 5. பத்தரை, இரண்டரை. 13.

கை தட்டினார்கள். "பித்தாகரஸே வேணாம் மிஸ்!"

அடியில் போதாயனர் என்று பெயர் போட்டிருந்தது. போதாயனருடைய சுல்ப சூத்திரம் சமஸ்கிருதம். அதில் இருப்பது செவ்வகத்தின் மூலைவிட்டம், வர்க்கங்களைக் கூட்டுகிற விதி. இது வேறு. யார் எழுதினாரோ, எழுதினவர் கெட்டிக்காரர்.

"இன்னொண்ணு போட்டுப் பாரு" என்றேன்.

8, 6 போட்டான். 10. சரி.

24, 10 போட்டான். 26. சரி.

மணி 7.30. பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

பின்வரிசையில் பத்தாவது பெண் ஒருத்தி. கொத்தனார் மகள். அவள் கை தட்டவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்னவோ எழுதிக்கொண்டு போனாள்.

*

கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறேன் என்று ஒருநாள் சுவர்க் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன்.

இரண்டு விநாடி.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளை டேப்பில் பதிவு செய்து கேட்டார். ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி. மூன்று விநாடிக்கு மேல் பொறுத்த வகுப்புகளில் பிள்ளைகள் நீளமாகப் பதில் சொன்னார்கள். பேசாத பிள்ளைகள் பேசினார்கள்.

இப்போது மனசுக்குள் இருபது வரை எண்ணுகிறேன்.

பதினொன்று, பன்னிரண்டுக்குள் யாராவது இருமுவார்கள். பதினைந்துக்கு மேல் ஒரு சத்தமும் இருக்காது. தகரத்தில் அணில் ஓடுவது கேட்கும்.

பதினெட்டில் ஒரு கை எழும். பாதி. காது வரைக்கும் வந்து நிற்கும்.

*

கீழ்வீட்டுத் தாத்தா. 88 வயது. திண்ணையில் சாய்ந்திருப்பார். வேலை எவ்வளவு முடிந்தது என்று கேட்டால், "முக்காலே மூணு வீசம் முடிஞ்சுது" என்பார்.

எல்லோரும் சொல்கிற சொல்தான். ஏறக்குறைய எல்லாம் என்று அர்த்தம். நானும் சொல்லியிருக்கிறேன்.

ஏழாவது பையன் கேட்டான். "வீசம்னா எவ்ளோ தாத்தா?"

"பதினாறுல ஒண்ணு."

படியிலேயே உட்கார்ந்து போட்டான். முக்கால் என்றால் பதினாறில் 12. மூணு வீசம் என்றால் 3. கூட்டினால் பதினாறில் 15.

"ஒரு வீசந்தான் பாக்கி!"

தாத்தா சிரித்தார். "அந்த ஒரு வீசத்தைத்தான்டா முடிக்க முடியாது."

பிறகு அவர் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். அரைக்கால், எட்டில் ஒன்று. மா, இருபதில் ஒன்று. காணி, எண்பதில் ஒன்று. முந்திரி, முந்நூற்றிருபதில் ஒன்று.

முந்திரி என்றதும் மற்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

320 ஏன் என்று அவன் கேட்டான். தாத்தாவுக்குத் தெரியவில்லை. அவன் அன்றிரவு 320-ஐ வகுத்துக்கொண்டே போயிருக்கிறான். 2, 4, 5, 8, 10, 16, 20. மீதி இல்லாமல் போகிறது.

"எல்லாரும் உள்ள அடங்குறாங்க மிஸ்."

பின்னக் கூட்டல் இவனுக்கு வராது என்று பள்ளியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

*

மைனஸ் இன்டு மைனஸ் ப்ளஸ். ராகம் போட்டுச் சொல்கிறார்கள். எட்டாவது.

ஏன் என்றால் விழிக்கிறார்கள். "ரூல் மிஸ்."

மொட்டை மாடியில் ஒருவனைப் பின்னால் நடக்கச் சொன்னேன். இன்னொருத்தி போனில் வீடியோ எடுத்தாள். அதைத் தலைகீழாக ஓட்டினோம். முன்னால் நடந்தான்.

பின்னால் நடந்தது ஒரு மைனஸ். பின்னால் ஓட்டியது ஒரு மைனஸ்.

மூன்று தடவை பார்த்தார்கள். பிறகு யாரும் அவனைப் பார்க்கவில்லை. கொடியில் ஈரத் துண்டு ஒன்று. சொட்டுகள் தரையிலிருந்து மேலே ஏறித் துண்டுக்குள் போய்க்கொண்டிருந்தன.

"தண்ணி மேல போவுது. இது மட்டும் ஏன் தப்புன்னு தெரியுது? அவன் நடக்கறது ஏன் தெரியல?"

எட்டாவது வகுப்புப் பெண் கேட்ட கேள்வி. தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

*

கொத்தனார் மகள். மறுநாள் காலை. மற்றவர்கள் வருவதற்கு முன்.

15, 8. கர்ணம் 17 வர வேண்டும். பாட்டுப்படி 17.125.

24, 7. கர்ணம் 25. பாட்டுப்படி 24.5.

"ஒண்ணுல கூடுது. ஒண்ணுல குறையுது."

நீளம் 8, உயரம் 1. பாட்டுப்படி ஏழும் அரையும். 7.5.

"கர்ணம் நீளத்த விடச் சின்னதா வருது மிஸ். அது எப்படி முக்கோணமாகும்? மூடவே மூடாது."

குரலில் கோபம். யாரோ அவளிடம் பொய் சொல்லிவிட்டது போல.

நேற்றுக் கை தட்டியவர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். போனை நீட்டிய பையன் அவள் நோட்டை வாங்கிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

*

மின்வாரிய வெள்ளை அட்டையை எடுத்துவரச் சொன்னேன். பத்தாவது.

ஒரு கிலோவாட் மணி எத்தனை ஜூல்? கோரஸாக: 3.6 பெருக்கல் பத்தின் அடுக்கு ஆறு. ஒரு மார்க். எல்லோருக்கும் தெரியும்.

அட்டையில் யூனிட் என்று இருக்கிறதே, அது என்ன?

பத்து. பதினைந்து. இருபது.

அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

தலைக்கு மேல் 75 வாட் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு யூனிட்டுக்கு எத்தனை மணி நேரம்? பதிமூன்று சொச்சம். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி? ஒரு மணி.

இஸ்திரிக் கடைக்காரர் மகன் அந்த வரிசையில் இருக்கிறான். "அப்பா கரிதான் போடறாரு மிஸ். கரிக்கு யூனிட் உண்டா?"

ஒரு கிலோ கரியில் எத்தனை ஜூல். அது பாடத்தில் இல்லை. அன்று பாடம் அதுதான்.

*

சாரங்கபாணி சன்னிதித் தெரு. ராமானுஜன் வீடு. பிள்ளைகளை அழைத்துப் போவேன், வருஷத்துக்கு ஒருதரம். நடந்தே போகலாம்.

சின்ன வீடு. சன்னல் ஓரம் கட்டில். பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். பெரிதாக ஏதோ இருக்கும் என்று நினைத்து வருகிறார்கள்.

காகிதம் வாங்கக் காசில்லை. சிலேட்டில் போடுவார். துணி தேடி நேரம் போகும் என்று முழங்கையாலேயே அழித்துவிட்டு மேலே போடுவார். விடை வந்தால் அது மட்டும் நோட்டில் ஏறும்.

வழி சிலேட்டோடு போனது.

அந்த நோட்டுகளில் இருப்பதை ஒவ்வொன்றாக நிரூபிக்கப் பெரிய பெரிய கணிதக்காரர்கள் பல பத்தாண்டு உட்கார்ந்தார்கள்.

அந்தக் கறுத்த முழங்கையைப் பற்றிச் சொல்லும்போது பிள்ளைகள் தங்கள் முழங்கையைத் திருப்பிப் பார்க்கிறார்கள். தவறாமல். ஒவ்வொரு வருஷமும்.

*

பதினைந்து, பதினாறு வயதில் ராமானுஜன் கைக்குக் கிடைத்த புத்தகம். கார் என்பவர் எழுதியது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள், நம்பர் போட்டு, ஒன்றன் கீழ் ஒன்றாக. நிரூபணம் பெரும்பாலும் இல்லை. இருந்தால் ஒரு வரி.

கார் லண்டனில் தனி ட்யூஷன் எடுத்தவர். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தவர். அந்தப் புத்தகம் அவருடைய ட்யூஷன் நோட்ஸிலிருந்து வளர்ந்தது.

எங்கள் ஊர் ஸ்டேஷனரிக் கடையில் தொங்குகிற கைடுகளின் முன்னால் நிற்கும்போது இது ஞாபகம் வரும்.

*

பி.கே. சீனிவாசன். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியார். ராமானுஜனைத் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே தேடிப்போய் எழுதி வாங்கினார். கடிதங்களும் நினைவுகளுமாக இரண்டு தொகுதி. 1968. பிறகு 1993-ல் ராயபுரத்தில் ராமானுஜன் பெயரில் ஓர் அருங்காட்சியகம்.

ஒரு பள்ளிக்கூட வாத்தியார் செய்த காரியம். அவரைப் பற்றி ஆசிரியர்கள்கூடப் பேசுவதில்லை. பேச வேண்டும்.

*

வியாழன் சூரியனைச் சுற்ற 11.86 வருஷம்.

மகாமகம் 12 வருஷத்துக்கு ஒருதரம். 2004. 2016. அடுத்தது 2028. மாசி மகத்தின்போது வியாழன் சிம்மத்தில் இருக்க வேண்டும்.

ஏழாவது பையன், அதே வீசத்துப் பையன்: "மீதி 0.14 எங்க போவுது மிஸ்?"

நான் இந்த ஊரில் பிறந்தவள். குளத்தைச் சுற்றி வளர்ந்தவள். எனக்கு இந்தக் கேள்வி வந்ததே இல்லை.

போட்டுப் பார்த்தான். ஏழு தடவை சேர்ந்தால் 0.98. கிட்டத்தட்ட ஒரு வருஷம்.

"அப்போ ஏழு தடவைக்கு ஒருதடவை பதினோரு வருஷத்துலயே வந்துடணும்."

ஹரித்துவாரக் கும்பமேளாவும் வியாழனைப் பார்த்துத்தான். 2010-ல் நடந்தது. அடுத்தது 2021-ல். பதினோரு வருஷம். அதை அவனிடம் சொன்னேன்.

பையன் ஒன்றும் பேசவில்லை. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

*

பிறை ஏன் தேய்கிறது?

பதினேழு பேரில் பதினைந்து பேர்: பூமியின் நிழல்.

வளர்பிறை அஷ்டமி. சாயங்காலம் ஐந்தரை. மொட்டை மாடி. சூரியன் மேற்கே சாய்ந்திருக்கிறது. நிலா தலைக்கு மேல், பாதி.

ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழம். கையை நீட்டி நிலாவுக்குப் பக்கத்தில் பிடி. ஒரு கண்ணை மூடு.

எலுமிச்சையும் பாதி. நிலா எந்தப் பக்கம் வெளிச்சமோ, பழமும் அந்தப் பக்கம்.

சத்தமே இல்லை. பதினேழு கைகள் மேலே.

எதிர்மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் கும்பிட்டுவிட்டுப் போனார். ஏதோ பூஜை என்று நினைத்திருப்பார்.

"அப்போ பூமியோட நிழல் இப்ப எங்க இருக்கு மிஸ்?"

நான் சொல்லவில்லை. எண்ணிக்கொண்டிருந்தேன்.

"சூரியன் அந்தப் பக்கம்னா, நிழல் இந்தப் பக்கம்." கிழக்கே காட்டினாள். "இன்னும் கீழதான் இருக்கு. நிழல் இன்னும் எழுந்திருக்கவே இல்ல."

*

பலாப்பழம். பண்ருட்டிப் பழம், ஆனி மாசம்.

காரி நாயனாரின் கணக்கதிகாரத்தில் ஒரு கணக்கு. பழத்தை அறுக்காமல் சுளை எண்ணுவது. காம்பருகில் இருக்கும் முள்ளை எண்ணு. ஆறால் பெருக்கு. ஐந்தால் வகு.

எண்ணினார்கள். ஒருத்தி 41. இன்னொருவன் 67.

"காம்பருகில்னா எது வரைக்கும்?"

முதல் சுற்று மட்டுமா, இரண்டாவது சுற்றுமா. அரைமணி நேரம் சண்டை. கையெல்லாம் முள் குத்தி.

41 என்றால் 49.2 சுளை. 67 என்றால் 80.4 சுளை. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை யார் சாப்பிடுவது என்று ஒரு சண்டை.

அறுத்தோம். 118.

"பாட்டு பொய்" என்றான் ஒருவன். "நம்ம எண்ணினது தப்பா இருக்கும்" என்றாள் ஒருத்தி. "ஒரே ஒரு பழத்த வெச்சு எப்படிச் சொல்றது" என்றான் வீசத்துப் பையன்.

பலா ஒரு பழம் இல்லை. கூட்டுக்கனி. வெளியே தெரிகிற ஒவ்வொரு முள்ளும் ஒரு பூ. கருவுற்ற பூ சுளை ஆகும். ஆகாதது நாராகச் சுளைகளுக்கு நடுவில் கிடக்கும்.

இதைச் சொன்னதும் சண்டை நின்றது. நாரை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். தூக்கிப்போட வைத்திருந்த நாரை.

"இது எல்லாம் சுளை ஆகாத பூவா மிஸ்?"

கையெல்லாம் பால் பிசுபிசுத்தது. நல்லெண்ணெய் தடவித்தான் போயிற்று. அன்று எல்லா நோட்டிலும் எண்ணெய்.

*

ஒன்பதாவது பெண். பள்ளித் தேர்வு. முதல் எட்டு ஒற்றை எண்களின் கூடுதல்.

சூத்திரம் மறந்துவிட்டது. புள்ளி வைத்தாள், கோலப் புள்ளி. ஒன்று. அதைச் சுற்றி மூலையாக 3. அதைச் சுற்றி 5. ஒவ்வொரு தடவையும் சதுரம். எட்டாவது தடவை எட்டுக்கு எட்டு. 64.

கீழே எழுதியிருந்தாள்: "எவ்வளவு தூரம் போனாலும் சதுரம்தான் வரும், ஏனென்றால் மூலை எப்போதும் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று கூடுகிறது."

குறுக்கே சிவப்புக் கோடு. ஸ்டெப் இல்லை. பூஜ்யம்.

அவள் அம்மா விடைத்தாளை என் மேசையில் வைத்துவிட்டு, "ஸ்டெப் எழுதச் சொல்லிக் குடுங்க மிஸ், போதும்" என்றார்.

சொல்லிக் கொடுத்தேன். உறுப்புகளின் எண்ணிக்கை, முதல் உறுப்பு, கடைசி உறுப்பு, சூத்திரம், பிரதியிடல், விடை. இப்போது முழு மார்க் வாங்குகிறாள்.

அந்த விடைத்தாளை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். புள்ளிகள் நீல மையில். அழித்த இடம் ஒன்றுகூட இல்லை.

*

பத்தாவது கணக்குப் பரீட்சை. 14 ஒரு மார்க், 10 இரண்டு மார்க், 10 ஐந்து மார்க், 2 எட்டு மார்க். நூறு.

28-ஆம் கேள்வியும் 42-ஆம் கேள்வியும் கட்டாய வினா. புக் பேக்கில் இல்லாதது வந்துவிடும் என்று அந்த இரண்டையும் கண்டு பயப்படுகிறார்கள். ஏழே மார்க்.

"அந்த ரெண்ட மட்டும் விட்டாலும் 93 வருது, போதும்ல மிஸ்?"

கணக்கில் சரியாகத்தான் இருக்கிறான்.

*

பள்ளியில் 11 வருஷம் வேலை பார்த்தேன். 2009 கல்வி உரிமைச் சட்டம், 28-ஆம் பிரிவு: ஆசிரியர்கள் தனி ட்யூஷன் எடுக்கக் கூடாது. நல்ல பிரிவு. வேலையை விட்ட பிறகுதான் இந்த மாடி.

ஒரு வகுப்பில் 52 பேர் இருந்தார்கள் அப்போது. 45 நிமிஷம். ஆளுக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை.

இருபது வரை எண்ண அங்கே இடம் இல்லை. 52 பேரையும் நினைத்தால் இன்னமும் வயிற்றில் என்னவோ செய்கிறது.

*

கொத்தனார் மகள். இருபடிச் சமன்பாடு வந்தபோது அவளே கேட்டாள்.

"அந்தப் பாட்டு எப்பெல்லாம் சரியா வரும்னு இதுல போடலாமா?"

பாட்டில் வருகிற கர்ணத்தின் வர்க்கம். பித்தாகரஸ் கர்ணத்தின் வர்க்கம். இரண்டுக்கும் நடுவில் சமன் குறி. அறுபத்து நான்கால் பெருக்கி, சுருக்கினால் கெழுக்கள் 15, 56, 48. நடுவில் மைனஸ்.

தீர்வு இரண்டு. நீளத்துக்கும் உயரத்துக்கும் விகிதம் நான்குக்கு மூன்று. அல்லது பன்னிரண்டுக்கு ஐந்து.

அவ்வளவுதான். உலகத்தில் இருக்கிற எல்லாச் செங்கோண முக்கோணங்களிலும் பாட்டு சரியாக வருவது இந்த இரண்டு வடிவத்துக்குத்தான்.

வாட்ஸ்அப்பில் உதாரணமாகக் கொடுத்திருந்ததும் அந்த இரண்டு. 8, 6-ம் 24, 10-ம் அவற்றின் மடங்கு.

போனை நீட்டிய பையன் எட்டிப் பார்த்தான். "நான் நாலு தடவ செக் பண்ணேனே."

"ரெண்டுதான் பண்ணியிருக்க" என்றாள்.

*

அவள் அப்பா ஒருநாள் வந்தார். கையில் சிமென்ட் காய்ந்து வெள்ளையாக. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, பாய் அழுக்காகும் என்றார்.

வீட்டுக்கு மூலை எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேட்டேன்.

"கயிறு கட்டி மூணடி, நாலடி, குறுக்க அஞ்சடி. பெரிய வீடுன்னா ஆறு, எட்டு, பத்து."

மூலைமட்டம் இருக்கிறதே?

"அது கையளவு. அதுல நூலளவு தப்பினா முப்பதடி தள்ளி அரையடி தப்பும்ங்க. கயிறு பெருசு. பெருசா பிடிச்சா தப்பு சின்னதாயிடும்."

அவர் பெண் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் பேசி முடித்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினார். ஆறாவது படியில் நின்று திரும்பினார். "புள்ள ராத்திரியெல்லாம் என்னமோ எழுதுதுங்க. கண்ணு கெட்டுடாதே?"

*

இன்று காலை. ஆறு அடிக்கப் பத்து நிமிஷம். மழை. அவள் மட்டும்.

"பாட்டு ரெண்டுக்குத்தானே சரி. அப்ப நமக்கு வேணுங்கிற ரெண்டுக்குச் சரியா வர்ற மாதிரி வேற பாட்டு கட்டலாமான்னு பார்த்தேன்."

15, 8-க்கும் 24, 7-க்கும். பாட்டு தோற்ற இடங்கள். நீளத்தில் எவ்வளவு எடுப்பது, உயரத்தில் எவ்வளவு எடுப்பது. இரண்டு தெரியாதவை, இரண்டு சமன்பாடு.

நான்கு பக்கம். நாற்பது கோடுகளாவது இருக்கும், ஒன்றின் மேல் ஒன்றாக அடித்து. எல்லாம் படிக்க முடிந்தது. இரண்டாம் பக்கத்தில் கூட்டலுக்குப் பதில் கழித்துவிட்டு அரைப்பக்கம் போயிருக்கிறாள். மூன்றாம் பக்கத்தில் திரும்பி வந்திருக்கிறாள். மேலே ஓரத்தில்: "இங்கதான் தப்பினேன்."

கடைசியில் கட்டம் போட்டு:

நீளத்தை 29 கூறாக்கு. இரண்டு கூறைத் தள்ளு. உயரத்தை 29 கூறாக்கி அதில் பதினொன்றைச் சேர்.

போட்டுப் பார்த்தேன். 15, 8. முதலில் 405. அதோடு 88. மொத்தம் 493. இருபத்தொன்பதால் வகுத்தால் 17.

24, 7. 648, 77. 725. இருபத்தொன்பதால் வகுத்தால் 25.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு சரி மிஸ். எட்டு எல்லாரும் மடிக்கலாம். பாதி, பாதி, பாதி. இந்த இருபத்தொம்போது எங்கேர்ந்து வந்துச்சு?"

தகரத்தில் மழை. ஏழு. எட்டு. ஒன்பது.

எண்ணுவதை நிறுத்திவிட்டு நானும் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.